தோடிக் கட்சியும் கீர்த்தனைக் கட்சியும்

நாயனத்தில் பெரியவர் யார் என்ற வழக்கு எங்கள் திருவிடைமருதூரில் இன்னும் தீர்ப்பாகவில்லை. என் தாத்தா மன்னார்குடி சின்னபக்கிரிப் பிள்ளை என்பார். அப்பா திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைத் தவிர வேறு பெயரைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். சித்தப்பா திருவீழிமிழலை சகோதரர்கள் கட்சி. அப்பாவைத் தோடிக் கட்சி என்றும் சித்தப்பாவைக் கீர்த்தனைக் கட்சி என்றும் தெருவில் சொல்வார்கள். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், எதிர்வீட்டு மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "நம்மூர் வீருசாமிப் பிள்ளையை விட்டுட்டு எங்கெங்கேய்யா போறீங்க?" என்று மூன்றாவது கட்சியைத் தொடங்குவார். சாப்பிடக் கூப்பிட்டு அம்மாவுக்கு அலுத்துவிடும்.

இந்தப் பேச்சு ஏன் இந்த மண்ணில் இவ்வளவு சூடாக நடந்தது என்பதற்கு நிலப்படமே பதில் சொல்லும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலையில் கிழக்கே வந்தால் அம்மாசத்திரம். ராஜரத்தினம் பிள்ளைக்கு நாயனம் சொல்லிக்கொடுத்த கண்ணுசாமிப் பிள்ளையின் ஊர். அதைத் தாண்டினால் நாங்கள். இன்னும் கிழக்கே நரசிங்கம்பேட்டை, நாயனம் கடைகிற ஆசாரிகளின் ஊர். அதற்கடுத்து திருவாவடுதுறை, ஆதீனம் இருக்கிற ஊர். வடக்கே காவிரியைக் கடந்தால் திருக்கோடிக்காவல். தெற்கே போனால் நாச்சியார்கோவில், அதற்கும் கீழே திருவீழிமிழலை. சைக்கிள் வைத்திருந்த ஒரு ரசிகன் ஒரே மாதத்தில் இந்த ஊர்களின் வித்வான்கள் அத்தனை பேரையும் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் காசு கொடுக்காமல் கேட்டுவிடலாம். கேட்டவன் வாயை யார் அடைக்க முடியும்?

ஊருக்கும் இசைப் பழக்கம் புதிதல்ல. 1798-இல் தஞ்சை அரசு இரண்டாம் சரபோஜிக்குப் போனபின், அதுவரை ஆண்ட அமரசிம்மர் திருவிடைமருதூரில்தான் வந்து குடியமர்ந்தார். அவர் வழி வந்த அரண்மனையில் கனம் கிருஷ்ணையர் பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியார் இங்கே வந்து தங்கி இந்துஸ்தானி இசையைக் கேட்டுப் பழகினார். அந்தச் சிறிய அரண்மனை பாட்டைச் சபையில் வைத்துக் கேட்டது. மகாலிங்கசுவாமி கோயிலின் நாலு வீதியோ பாட்டை நடக்கவைத்துக் கேட்டது. நாயனத்தின் பரீட்சைக்கூடம் அந்த வீதிதான்.

அந்தப் பரீட்சை எப்படி நடக்கும் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். தைப்பூசத் திருவிழாவில் சுவாமி மண்டபத்தைவிட்டு எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. தவில் சொல்லெல்லாம் கோபுரச் சுவரில் பட்டுத் திரும்பும். சுவாமி வீதிக்கு வந்ததும் ராக ஆலாபனை தொடங்கும். கீழவீதியில் எடுத்த ராகம் தெற்கு வீதி திரும்பும்வரை போகும். சில இரவுகளில் மேலவீதி வரைக்கும் போகும். நடுவில் சுவாமியை இறக்கிவைத்து நிற்பார்கள். பிறகு பல்லவி, ரக்தி, தவில் தனி. பந்த வெளிச்சம், கியாஸ் விளக்கு, தோளில் துண்டோடு கட்டாந்தரையில் உட்கார்ந்த விவசாயிகள். ஒலிபெருக்கி கிடையாது. வாசிக்கிறவர் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ மணிக்கணக்கில் ஊத வேண்டும். எதிர்க்காற்று அடிக்கும், பனி சீவாளியில் இறங்கும், பக்கத்தில் அதிர்வேட்டு வெடிக்கும். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு காம்போதி நிற்க வேண்டும். நெல் களத்துக்கு வந்த மாதம் என்பதால் கேட்கிறவர்களிடம் பொழுதும் இருந்தது, காதும் இருந்தது.

தாத்தா தலைமுறை இதை வைத்துத்தான் அளந்தது. சின்னபக்கிரிப் பிள்ளை, கூறைநாடு நடேசப் பிள்ளை, திருமருகல் நடேசப் பிள்ளை, செம்பொன்னார்கோவில் ராமசாமிப் பிள்ளை என்று அவர்கள் பட்டியல் போகும். ரக்தி என்றால் செம்பொன்னார்கோவில் என்பதில் எந்தக் கட்சிக்கும் மறுப்பில்லை. அந்தக் குடும்பத்தில் அது தலைமுறை தலைமுறையாக நின்றது. திருமருகல் நடேசப் பிள்ளை ஆதீனத்து வித்வான். இசைத்தட்டு நம் பக்கத்தில் பரவும் முன்பே மறைந்துவிட்டார். அவரைப் பற்றி நமக்கு மிஞ்சியது கேட்டவர் வாய்ச்சொல் ஒன்றே. தாத்தா சின்னபக்கிரியைப் பேசும்போது அப்பா, "நீங்க சொல்றதை நான் எப்படிச் சரிபாக்கிறது?" என்பார். தாத்தா பதில் சொல்லாமல் எழுந்துபோய்விடுவார். நியாயமான கேள்விதான். ஆனால் சாட்சி இல்லாததால் வழக்குத் தோற்றது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் அவர்கள் வாசித்த கருவியே வேறு. அது திமிரி. குட்டையான நாயனம், நாலரை, ஐந்து கட்டைச் சுருதி. வீறிட்டு எழும், இரவில் பக்கத்துக் கிராமம் வரை போகும். அதில் குழைவைக் கொண்டுவர மூச்சும் உதடும் படும் பாடு சாதாரணமல்ல. இன்று நாம் கேட்பது பாரி நாயனம். நீளமானது, சுருதி இறங்கியது, இரண்டு இரண்டரை கட்டை. இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் ராஜரத்தினம் பிள்ளையும். நீளம் கூடும்போது சுத்த மத்தியமம் சரியாகப் பேசாமல் இடக்கு செய்தது. துளைகளின் இடத்தையும் அளவையும் மாற்றி மாற்றிக் கடைந்து ஆசாரி அதைத் தீர்த்தார். ஆச்சா மரம், அதுவும் பழைய வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்த முற்றிய மரம் வேண்டும் அதற்கு. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்கள் ஊர்ப்பெயரைப் போட்டன. ஆசாரியின் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். நாயனத்தில் பெரியவர் யார் என்று கேட்கிறவர்கள் கடைந்தவரை மறந்துவிடுகிறார்கள்.

ரயில்வே வேலையில் சில வருஷம் நான் கல்கத்தாவில் இருந்தேன். அங்கே ஈஸ்ட் பெங்கால் கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் இதே வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பஞ்ச பாண்டவர் என்று ஐவர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னாட்டிலிருந்து போனவர்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. அவர்கள் காலத்தில்தான் 1949, 1950, 1951 என்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தொடர்ந்து மூன்று தடவை அந்தக் கிளப் வென்றது. பிறகு வந்த கிரிஷானு தேயை, பாய்ச்சுங் பூட்டியாவை அவர்களோடு சேர்த்து வைக்கலாமா என்று டீக்கடையில் விடிய விடியப் பேசுவார்கள். எனக்கு எங்கள் திண்ணை ஞாபகம் வரும். ஒரு கிழவர் அவர்களுக்குச் சொன்ன வாதம் என்னோடு தங்கிவிட்டது. அகமது கான் தலைமுறை வெறுங்காலோடு ஆடிய தலைமுறை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து கோலில் இந்தியா தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. "வெறுங்காலையும் பூட்ஸையும் ஒரே தராசில் எப்படி வைப்பாய்?" என்று கேட்டார் அவர். திமிரியையும் பாரியையும் அப்படித்தான் வைக்க முடியாது.

ராஜரத்தினம் பிள்ளை வழக்குக்கு வருகிறேன். எந்தப் பக்கம் நின்றாலும் வழக்கு அவரைச் சுற்றித்தான் நடக்கிறது. 1898 ஆகஸ்ட் 27-இல் திருமருகலில் பிறந்தவர். திருமருகல் நடேசப் பிள்ளை அவருக்குத் தாய்மாமன். அந்த உறவில்தான் திருவாவடுதுறை அவர் ஊராயிற்று. முதலில் பாட்டு, பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் கற்றார். பிறகுதான் நாயனம். இந்த வரிசை முக்கியம் என்பது என் கருத்து. அவர் ஆலாபனையில் வாய்ப்பாட்டின் மூச்சு இருக்கிறது. ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்ற ஒரு பாடகர் அவருடைய பிருகாக்களைக் குரலுக்குக் கொண்டுவந்தார் என்றால், பாட்டிலிருந்து நாயனத்துக்குப் போனது நாயனத்திலிருந்து பாட்டுக்குத் திரும்பி வந்தது என்றுதான் அர்த்தம்.

அப்பா சொல்வது தோடி. கொலம்பியா இசைத்தட்டில் வந்த அந்தத் தோடி எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடவே ஓடும். அப்பா அதைப் போட்டுவிட்டு, "இது சாம்பார்ல கரண்டி நனைச்ச மாதிரி. வீதியில இவர் தோடி வாசிச்சா மூணு மணி நேரம்" என்பார். அந்த மூன்று நிமிடத்திலேயே காந்தாரத்தை அவர் பிடித்து நிற்கிற நிலையும், அங்கிருந்து மேலே பாய்கிற பிருகா ஒவ்வொன்றும் உதிராமல் விழுகிற அழகும் தெரிகின்றன. எத்தனை வருஷம் கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை. இந்தத் தட்டுதான் கிராமபோன் இருந்த வீடுகளிலெல்லாம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மற்றவர்களில் பலர் வீதியோடு நின்றார்கள். அவர் தட்டில் ஏறிவிட்டார். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாகவே நடித்தார். 1947-இல் சுதந்திரம் வந்தபோது ஆதீனத்தின் சார்பில் தில்லியில் வாசித்தவர் அவர்.

சித்தப்பா கட்சி இங்கேதான் பிடிக்கும். "புகழ் வேற, வாசிப்பு வேற அண்ணே" என்பார். திருவீழிமிழலை சுப்பிரமணியப் பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் இரட்டை நாயனத்தில் கீர்த்தனை வாசித்தால் இரண்டு குழல் என்று தோன்றாது. சாகித்தியத்தின் எழுத்து எழுத்தாகக் காதில் விழும். பதம் பிரிகிற இடத்தில் மூச்சும் பிரியும். ராஜரத்தினம் ஆலாபனையில் மனோதர்மத்தின் உச்சி என்றால், இவர்கள் பாடாந்தரத்தின் உச்சி. நாயனக்காரர்களுக்குக் கீர்த்தனை சரிவராது என்று சபைகளில் இருந்த எண்ணத்தை இவர்கள் உடைத்தார்கள். சென்னை மியூசிக் அகாதெமியின் 1956-ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி சுப்பிரமணியப் பிள்ளைக்குக் கிடைத்தது. அதே 1956 டிசம்பர் 12-ஆம் தேதிதான் ராஜரத்தினம் பிள்ளை காலமானார். கலாநிதிப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. அப்பா இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். சித்தப்பா இந்த இடத்தில் மட்டும் வெற்றி கொண்டாட மாட்டார்; தலையைக் குனிந்துகொள்வார். எதிர்க்கட்சியாக இருந்தாலும் இழப்பு இழப்புதான் என்று அவருக்குத் தெரியும்.

தவில் பேச்சு இதைவிடச் சிக்கல். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1949-இல் மறைந்தார். அவரைக் கேட்டவர்கள் அவருக்கு மேல் ஒருவரை ஒப்புக்கொள்ளவே இல்லை. நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளை வந்தபோது பேச்சு சற்று அசைந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ராகவப் பிள்ளையிடம் பயின்ற தட்சிணாமூர்த்தி கையை வைத்ததும் பழைய கட்சிகளெல்லாம் கலைந்துபோயின. 1933-இல் பிறந்து 1975-இல் போய்விட்டார். அவர் தனியை நான் இளைஞனாகக் கேட்டிருக்கிறேன். தவிலில் யார் பெரியவர் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: தட்சிணாமூர்த்தி. கடல் கடந்து வந்தவர் காவிரிக்காரர்களின் கலையில் காவிரிக்காரர்களையே மிஞ்சினார் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நாயனமும் அப்படித்தான் ஊர் எல்லை தாண்டிற்று. காருகுறிச்சி அருணாசலம் திருநெல்வேலிச் சீமைக்காரர், 1921-இல் பிறந்தவர். ராஜரத்தினத்தின் சீடராகி அவரோடு சேர்ந்து வாசித்தவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டிபோடும் அந்த நாயனம் அவருடையது. நாயனமே கேட்காத வீட்டிலும் அது ஒலித்தது. 1964-இல் மறைந்தபோது நாற்பத்து மூன்று வயதுகூட நிரம்பவில்லை. ஆந்திரத்துக் கரவதியிலிருந்து வந்து நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998-இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அப்பா இருந்திருந்தால் தன் கட்சியை மறந்து சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொல்லியிருப்பார். ஒரு முஸ்லிம் பெரியவர் மகாலிங்கசுவாமியின் வீதிக்குரிய வாசிப்பை மனத்தில் ஏற்றிக்கொண்டு காத்தார். இந்தக் கலையின் பெருமையில் இது பெரிய பங்கு.

1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபின் ஊருக்குப் புதிய கட்சி ஒன்று சேர்ந்தது. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய கதை. திரையில் சிவாஜி, குழலில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவர்கள் வாசிப்பு உயர்ந்த வாசிப்பு. ஆனால் அதற்குப் பிறகு நாயனத்தில் பெரியவர் யார் என்று கேட்டால் சில பிள்ளைகள் படத்து நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் என்றார்கள். கதாபாத்திரம் வித்வான்களை மறைக்கத் தொடங்கிய காலம் அது. எதிர்வீட்டு மாமா அன்றோடு திண்ணை வாதத்தில் குரலை உயர்த்துவதை நிறுத்திக்கொண்டார்.

இனி நான் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டும். நான் மாமாவின் கட்சியில் வளர்ந்தவன். திருவிடைமருதூர் பி.எஸ். வீருசாமிப் பிள்ளையின் வாசிப்பைத் திருச்சி வானொலியிலும் எங்கள் வீதியிலும் கேட்டுத்தான் எனக்கு ராகம் என்றால் என்னவென்று தெரிந்தது. ராஜரத்தினம் இருந்த காலத்தில், அவரிடமிருந்து சைக்கிளில் அரைமணி தூரத்தில், அவருடைய நிழல் விழாமல் ஒருவர் வாசித்தார் என்றால் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வீருசாமிப் பிள்ளையின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். அவசரம் கிடையாது. ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு ஓட மாட்டார்; தங்குவார். ராகம் தானாக விரியட்டும் என்று விட்டு, கடைசியில் விரலடியில் ஒரு வேகம் காட்டுவார், அதுவும் அளவோடு. ராஜரத்தினம் கேட்பவனைத் தூக்கிக்கொண்டு போவார். வீருசாமி கூட நடத்திக்கொண்டு போவார். வயது ஏற ஏற எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கிறது.

ஆனால் பிடிப்பதும் பெரியவர் என்று சொல்வதும் ஒன்றல்ல. எல்லாக் காலத்துக்கும் ஒருவர் பெயரைச் சொல் என்றால் ராஜரத்தினம் பிள்ளை என்றே சொல்வேன், அப்பா சொன்ன காரணத்துக்காக மட்டும் அல்ல. நாயனக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று வாசிக்க வேண்டும் என்றிருந்த காலம். கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு வாசித்ததற்கு எதிர்ப்பு வந்தபோது, பட்டுக்கோட்டை அழகிரிசாமி எழுந்து துண்டை எடுக்காதே என்று துணைநின்றது சுயமரியாதை இயக்க வரலாற்றில் இருக்கிறது. அதே காலத்தில் ராஜரத்தினம் குடுமியை எடுத்துக் கிராப் வைத்துக்கொண்டார், கோட்டும் ஷெர்வானியும் போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். அவர் கேட்ட சம்மானத்தைப் பலர் கர்வம் என்றார்கள். அந்தக் கர்வத்தின் பலனை இன்று மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற ஒவ்வொரு நாயனக்காரரும் அனுபவிக்கிறார். கருவியை மாற்றினார், சுருதியை மாற்றினார், வாசிக்கிறவரின் இடத்தை மாற்றினார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் அவர் போட்டுவைத்த பாயில் உட்கார்ந்தவர்கள். அவருக்கு முன் இருந்தவர்களுக்கு அந்தப் பாய் கிடைக்கவில்லை. ஆகவே தாத்தாவின் சின்னபக்கிரியை அவருக்குக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை, தனியாக வைக்கிறேன். திமிரியில் அவர், பாரியில் இவர். கீர்த்தனை என்றால் சித்தப்பா சொன்னதுதான் சரி, திருவீழிமிழலைக்கு அங்கே இணையில்லை.

இப்போது எங்கள் வீதியில் சுவாமி வேகமாகப் போய்விடுகிறார். ஒரு ராகத்துக்கு நாலு வீதி போதாது என்றிருந்தது மாறி, ஒரு வீதிக்கு இரண்டு துக்கடா என்றாகிவிட்டது. மல்லாரி முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். நாயனக்காரர்கள் வாசிக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். நரசிங்கம்பேட்டையில் இன்னும் கடைகிறார்கள். நின்று கேட்கத்தான் ஆள் வேண்டும். தைப்பூசத்துக்கு வாருங்கள். மல்லாரியோடு வீட்டுக்குத் திரும்பாமல், தெற்கு வீதி திரும்பும்வரை கூட நடங்கள். வாசிக்கிறவரிடம் ஒரு ராகம் கேளுங்கள், விஸ்தாரமாக வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அவர் வாசிப்பார்.